அமெரிக்கா என்று சொன்னதும் வந்த தமிழ்

சீர்காழியிலிருந்து பெரியப்பா தொலைபேசியில் அழைத்தால் அது கல்யாணமாக இருக்கும், இல்லையென்றால் காரியமாக இருக்கும். அன்றைக்கு இரண்டும் இல்லை. "கட்டம் வரமாட்டேன் என்கிறது" என்றார். பெரியப்பா ஜாதகம் கணிப்பவர். முப்பது ஆண்டுகளாக அவரிடம் இருப்பது ஒரே மென்பொருள்தான். 1995 வாக்கில் திருச்சியில் ஒரு வங்கி ஊழியர் மாலை வேளைகளில் உட்கார்ந்து எழுதி, தெரிந்தவர்களுக்கு மட்டும் இரண்டு ஃபிளாப்பிகளில் போட்டுக் கொடுத்தது. அவர் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூலநிரல் யாரிடமும் இல்லை. பெரியப்பாவின் பழைய கணினி ஒரு மழைநாளில் புகைவிட்டுப் படுத்துக்கொள்ள, புதியது ஒன்றை வாங்கியிருக்கிறார். பழைய கோப்புகளெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டன. நிரலைச் சொடுக்கினால் மட்டும், இது இந்தக் கணினியில் ஓடாது என்று ஒரு வரி வந்து நிற்கிறது.

நான் பிழைப்பு நடத்துவதே "பழையதைத் தூக்கிப் போடுங்கள், புதியதற்கு மாறுங்கள்" என்று நிறுவனங்களுக்குச் சொல்லித்தான். அதையே பெரியப்பாவிடமும் சொன்னேன். கைப்பேசியிலேயே ஜாதகம் கணிக்க எத்தனையோ வந்துவிட்டன, ஒன்றை இறக்கித் தருகிறேன் என்றேன். "வாக்கியமா, திருக்கணிதமா?" என்று கேட்டார். இரண்டும் இருக்கும் என்றேன். "இருக்கும். ஆனால் என் பஞ்சாங்கத்தோடு நாழிகை ஒத்துப்போகுமா? இதில் மூவாயிரத்துக்கு மேல் ஜாதகம் வைத்திருக்கிறேன். அப்பனுக்கு எழுதினது இருக்கிறது, பிள்ளைக்கு எழுதினது இருக்கிறது. அதை யார் பெயர்த்து எழுதுவார்கள்?" என்றார். வாடிக்கையாளர் கூட்டங்களில் இந்தக் கேள்வி வரும்போது சொல்வதற்கு என்னிடம் அழகான பதில் ஒன்று உண்டு. பெரியப்பாவிடம் அது வாயில் வரவில்லை. சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

இப்போது கடையில் வாங்கும் கணினிகளில் இருப்பது 64 பிட் விண்டோஸ். பெரியப்பாவின் நிரல் விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல். 32 பிட் விண்டோஸ் வரைக்கும் அதற்குள்ளே பழைய 16 பிட் நிரல்களுக்கென்று ஒரு திண்ணை ஒதுக்கியிருந்தார்கள். 64 பிட்டுக்கு வந்தபோது திண்ணையை இடித்துவிட்டார்கள். செயலிச் சில்லு இன்னமும் 16 பிட் கட்டளைகளை ஏற்கத்தான் செய்கிறது. இயங்குதளத்தை வடிவமைத்தவர்கள் வேண்டாம் என்று எடுத்த முடிவு அது, அவர்களுக்கும் காரணங்கள் உண்டு. ஆனால் லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தின் மேல் வைன் என்ற மென்பொருளைப் போட்டால், 64 பிட் கணினியிலும் அந்த 16 பிட் நிரல்கள் ஓடும். தன் சொந்த வீட்டில் இடமில்லாத கிழவருக்கு அடுத்த தெருவில் கட்டில் போட்டுக் கொடுத்த கதை. இதைவிட வேடிக்கை, புதிய விண்டோஸிலேயே பழைய விண்டோஸ் நிரல்களை ஓட்டியாக வேண்டும் என்பவர்களுக்காக ஒரு தனிக் கருவி இருக்கிறது. அதைச் செய்தவர்கள் வைனின் நிரல்துண்டுகளை எடுத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

இந்த வைன் என்ற பெயரால் எனக்கு நேர்ந்த சங்கடங்களைத் தனியாக எழுதலாம். வெள்ளிக்கிழமை இரவு பெரியப்பாவிடம் தொலைபேசியில், "கவலைப்படாதீர்கள், நாளைக்கு வந்து வைன் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லியிருக்கிறேன். ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா மறுநாள் நான் படியேறும்போதே என் பையைத்தான் முதலில் பார்த்தார்.

துபாஷி வேலை

வைன் என்ன செய்கிறது என்று பெரியப்பாவுக்கு விளக்கியபோது எனக்குக் கைகொடுத்தது ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸுக்குத் தமிழ் தெரியாது, வந்து நிற்கிற வியாபாரிக்குப் பிரெஞ்சு தெரியாது. நடுவில் நிற்கும் துபாஷி, அதாவது இருமொழி தெரிந்த பிள்ளை, வியாபாரியைப் பிரெஞ்சுக்காரனாக மாற்றுவதில்லை, புதுச்சேரிக்குள் ஒரு போலிப் பாரிஸைக் கட்டுவதும் இல்லை. கேட்பதை மாற்றிச் சொல்கிறார், பதிலை மாற்றிச் சொல்கிறார். விண்டோஸ் நிரல் "இந்தக் கோப்பைத் திற" என்று விண்டோஸ் பாணியில் கேட்கும். வைன் அதை லினக்ஸ் பாணியில் கேட்டு வாங்கிக் கொடுக்கும். நிரல் சி டிரைவ் என்று தேடும். வைன் வீட்டு அடைவுக்குள் ஒரு சாதாரண அடைவைக் காட்டி, இதுதான் சி டிரைவ் என்று கூசாமல் சொல்லும். நிரலின் கட்டளைகள் நேராகச் சில்லில்தான் ஓடுகின்றன. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைப் பாவனை செய்யும் மென்பொருள் இதில்லை என்பதைப் பெயரிலேயே சொல்லிக்கொள்கிறார்கள்: வைன் என்பதன் விரிவு, 'வைன் ஒரு எமுலேட்டர் அல்ல' என்பதுதான்.

1993-இல் பாப் ஆம்ஸ்டாட் தொடங்கியது இது. அடுத்த ஆண்டே பொறுப்பு அலெக்சாண்டர் ஜூலியார் கைக்கு வந்தது, அவர் இன்னமும் விடவில்லை. தொடங்கியபோது நோக்கமே விண்டோஸ் 3.1 நிரல்களை லினக்ஸில் ஓட்டுவது. அதாவது, பெரியப்பாவின் ஜாதக நிரல் போன்றவற்றுக்காகவே பிறந்த திட்டம். 1.0 என்ற எண்ணைப் போட 2008 ஜூன் வரை காத்திருந்தார்கள். பதினைந்து ஆண்டுகள்! அந்தப் பொறுமைக்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸின் மூலநிரலைப் பார்த்தவர் எவரும் வைனுக்கு எழுதக் கூடாது என்பது அவர்களின் விதி. வெளியே இருந்துகொண்டு, ஒரு சின்னச் சோதனை நிரலை விண்டோஸில் ஓட்டி, என்ன பதில் வருகிறதென்று பார்த்து, அதே பதிலைத் தருமாறு இங்கே எழுத வேண்டும். கதவு திறக்காத வீட்டில் என்ன குழம்பு என்று வாசனையை வைத்துக் கண்டுபிடித்து அதே ருசியில் சமைப்பது போன்ற வேலை.

அதிலும் குழம்பில் உப்புக் கூடியிருந்தால் இவர்களும் கூட்ட வேண்டும். ஆவணங்கள் சொல்வதை விண்டோஸ் எப்போதும் செய்வதில்லை. நிரல்களை எழுதியவர்களோ ஆவணத்தைப் பார்க்காமல், ஓடியதா ஓடவில்லையா என்று பார்த்துத்தான் எழுதினார்கள். சிம்சிட்டி விளையாட்டைப் பற்றி நம் தொழிலில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இருக்கிறதே, அது: விடுவித்துவிட்ட நினைவகத்தையே அந்த விளையாட்டு மறுபடி படித்துக்கொண்டிருந்தது, பழைய விண்டோஸில் அது தற்செயலாகத் தப்பித்தது, விண்டோஸ் 95-இல் விழுந்தது. மைக்ரோசாஃப்ட்காரர்கள் விளையாட்டின் பிழையைத் திருத்தச் சொல்லவில்லை. ஓடுவது சிம்சிட்டி என்று தெரிந்தால் நினைவகத்தை உடனே விடுவிக்காதே என்று இயங்குதளத்தில் எழுதிவைத்தார்கள். வந்தவரின் குறையை வீட்டுக்காரர் தாங்கிக்கொண்டார். வைனோ இன்னொருவர் வீட்டு விருந்தாளிகளின் குறைகளையெல்லாம் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. அதற்கு நன்றியும் கிடையாது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்: விண்டோஸில் ஒரு நிரல் விழுந்தால் நிரலைத் திட்டுவார்கள், வைனில் விழுந்தால் வைனைத்தான் திட்டுவார்கள். எந்த நிரல் எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் மதிப்பிட்டு எழுதும் பட்டியல் ஒன்றை வைன்காரர்களே நடத்தினார்கள். பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று இறங்கி, கடைசித் தட்டுக்குக் 'குப்பை' என்று பெயர் வைத்திருந்தார்கள். குப்பை என்று பெயர் வாங்குவது நிரலா வைனா என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

அண்ணன் மகனுக்கு இந்த வரலாறு எதுவும் வேண்டியதில்லை. அவனிடம் ஸ்டீம் டெக் இருக்கிறது. 2022-இல் வந்த கையடக்க விளையாட்டுக் கருவி. உள்ளே ஓடுவது லினக்ஸ். அதில் ஓடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. அந்தக் கருவியைச் செய்த வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட புரோட்டான் என்ற மென்பொருள் நடுவில் நிற்கிறது, அதற்குள் இருப்பது வைன். விளையாட்டுகள் படம் வரையக் கேட்கும் டைரக்ட்3டி மொழியை வல்கன் மொழிக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற பகுதியை ஃபிலிப் ரெபோலே என்பவர் எழுதத் தொடங்கியது, நீயர்: ஆட்டோமாட்டா என்ற ஒரே ஒரு விளையாட்டை லினக்ஸில் ஆடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில். உலகத்தில் பாதி நல்ல காரியங்கள் இப்படி ஒரு பிடிவாதத்தில்தான் தொடங்குகின்றன. "இந்த விளையாட்டு இந்தக் கருவிக்காக எழுதப்பட்டதே இல்லை, தெரியுமா?" என்று பையனிடம் கேட்டேன். "ஓடுகிறதே, சித்தப்பா" என்றான். சில போட்டி விளையாட்டுகள் மட்டும் ஏமாற்றுத் தடுப்பு என்ற பெயரில் வாசலிலேயே நிறுத்தி, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து அனுப்பிவிடும். அவை வந்தால்தான் அவனுக்கு ஊர் ஞாபகம் வரும்.

இரவு பன்னிரண்டரை

பெரியப்பாவின் நிரலுக்கு வருகிறேன். சோதனைக்கு என் மடிக்கணினியில் முதலில் ஓட்டிப் பார்க்கலாம் என்று கூடத்தில் உட்கார்ந்தேன். மெய்நிகர் கணினி ஒன்றை நிறுவி அதற்குள் பழைய விண்டோஸைப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டிருக்கலாம். எழுபத்தாறு வயதில் ஒரு மனிதர் தினமும் காலையில் ஒரு கணினியைத் திறந்து, அதற்குள் இன்னொரு கணினியைத் திறந்து, இரண்டையும் முறையாக அணைக்க வேண்டும். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு படம். அதைச் சொடுக்கினால் கட்டம்.

முதல் தடை 'விபிரன்300' என்ற கோப்பு. விஷுவல் பேசிக் மூன்றாம் பதிப்பில் எழுதிய எந்த நிரலும் அது இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்காது. ஃபிளாப்பியில் இருந்ததைப் பழைய கணினியின் அடைவிலிருந்து எடுத்துப் போட்டேன். நிரல் திறந்தது. சாம்பல் நிறச் சாளரம், மூலையில் கணபதி, பன்னிரண்டு கட்டம். எல்லாம் அதனதன் இடத்தில். எழுத்து மட்டும் இல்லை. கட்டங்களுக்குள் கேள்விக்குறியும் சதுரமும் மாறி மாறி உட்கார்ந்திருந்தன. எழுத்துருவைப் போட மறந்துவிட்டோம் போலும் என்று அதை வைனின் எழுத்துரு அடைவில் சேர்த்தேன். மாற்றமில்லை. வேறு பதிப்பு வைனைப் போட்டேன், அமைப்புகளைக் கலைத்து அடுக்கினேன். கட்டளை தட்டும் முனையச் சாளரத்தில் 'இதைச் சரிசெய்' என்று வைன் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் புலம்பல் வரிகள் நூற்றுக்கணக்கில் ஓடின. பெரியம்மா இரண்டு தடவை காபி கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். மணி பன்னிரண்டரை.

அப்போதுதான் அந்தப் புலம்பல்களுக்கு நடுவே நான் கவனிக்காமல் விட்டிருந்த ஒன்று உறைத்தது. என் மடிக்கணினி தமிழில் இருக்கிறது. பட்டிகள், செய்திகள், நாள்காட்டி, எல்லாம் தமிழ். பிடிவாதமாக அப்படித்தான் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் இதற்காகக் கேலியும் வாங்கியிருக்கிறேன். வைன் தொடங்கும்போது கணினியின் மொழியைப் பார்க்கிறது. தமிழ் என்றால் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரம்) என்று அது எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் 1995-இல் திருச்சிக்காரருக்கு யூனிகோடு எங்கே? யூனிகோடு தரப்பாட்டில் 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. விண்டோஸில் தமிழ் யூனிகோடு வந்தது விண்டோஸ் 2000-இல்தான். அதுவரைக்கும் எல்லோரும் செய்ததையே அவரும் செய்திருந்தார்: ஐரோப்பிய எழுத்துகளுக்கென்று 128-க்கு மேலே இருந்த இடங்களில், தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த அந்த ஆங்கிலமல்லாத எழுத்துகளின் உருவத்தை அழித்துவிட்டு, க, ங, ச வரைந்துவிட்டார். கணினியைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை, மேற்கு ஐரோப்பிய எழுத்து. அந்த எண்கள் தனித்தனியே வந்தபோது, ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு எதிர்பார்க்கும் யூனிகோடு முறைக்கு அவை வெறும் உடைசல். உடைசலுக்குக் கேள்விக்குறி.

கட்டளைக்கு முன்னால், மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று அறிவிக்கும் ஒரு சின்ன மாறியைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். சாம்பல் நிறச் சாளரம், கணபதி, கட்டம். கட்டத்துக்குள்ளே: சூரி, சந், செவ், புத, குரு, சுக், சனி, ராகு, கேது, ல. அச்சகத்து ஈய எழுத்தைப் பார்த்து வரைந்த, கொஞ்சம் குண்டான, இப்போது எங்கும் காணக் கிடைக்காத அந்தச் சகரமும் ககரமும்.

கூடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். கணினி தமிழ் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை தமிழ் வரவில்லை. அமெரிக்கா என்று பொய் சொன்னதும் வந்துவிட்டது.

அன்றிலிருந்து இதைத்தான் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். தனக்காகச் செய்யப்படாத தளத்தில் ஒன்றை ஓட்டுவது என்பதை, லினக்ஸ் பித்துப் பிடித்த என்னைப் போன்றவர்களின் பொழுதுபோக்கு என்றே அதுவரை நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், தொண்ணூறுகள் முழுக்கக் கணினியில் தமிழே அப்படித்தான் ஓடியது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரிய வேண்டுமானால் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. கணினிக்குள் போய்ப் பார்த்தால் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான் இருக்கும். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கும் எழுத்துருவுக்கும் இடையிலான ரகசிய ஏற்பாடு. ஒவ்வொரு நாளேட்டின் தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவை இறக்கிப் போட்டுப் படித்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் தலையங்கம் ஐஸ்லாந்து மொழி போலத் தெரியும். ஆளுக்கொரு குறியேற்றம் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற கணக்கு) என்றிருந்ததை ஒழுங்குபடுத்த 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. அவையும் அதே வேடத்தின் ஒழுங்கான பதிப்புகள்தான். அந்த வேடத்தில் பத்திரிகை நடந்தது, கல்யாணப் பத்திரிகை அச்சானது, முனைவர் பட்ட ஆய்வேடுகள் எழுதப்பட்டன.

ஆக, திருச்சிக்காரர் இயங்குதளத்திடம், இது ஐரோப்பிய எழுத்து என்று ஒரு பொய் சொல்லியிருந்தார். வைன் அவருடைய நிரலிடம், இது விண்டோஸ் என்று ஒரு பொய் சொல்கிறது. முதல் பொய்யை வைன் அறியாததால்தான் கேள்விக்குறிகள். நான் மூன்றாவதாக ஒரு பொய் சொல்லி இருவரையும் அறிமுகப்படுத்தி வைத்தேன். "புதியதற்கு மாறுங்கள்" என்று வாடிக்கையாளர்களிடம் இப்போதும் சொல்கிறேன், சம்பளம் அதற்குத்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால், இது எந்த வேடத்தில் இத்தனை காலம் ஓடியது என்று கேட்கும் பழக்கம் வந்திருக்கிறது. கேட்கும்போது அவர்கள் கொஞ்சம் சங்கடப்படுகிறார்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். 2014-இல் லினக்ஸின் கெர்னல் என்ற மையக் கருவில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காக, 64 பிட் கணினிகளில் 16 பிட் துண்டுகளையே தடைசெய்துவிட்டார்கள். வைனில் பழைய நிரல்களை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடவில்லை என்று முறையிட, அதே ஓட்டையைச் சுற்றிவளைத்து வேறு வழியில் அடைத்துத் தடையை எடுத்தார்கள். உலகத்தில் எங்கோ சிலர் இருபது ஆண்டுப் பழைய நிரலைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்பதற்காக இயங்குதளத்தின் அடிவயிற்றில் கைவைத்த அந்த ஆட்களை நினைத்துக்கொண்டேதான் அன்றிரவு தூங்கினேன்.

காலையில் பெரியப்பாவின் புதிய கணினியிலும் லினக்ஸைப் போட்டு, திரை நடுவில் ஒரே ஒரு படத்தை வைத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டத்தை உற்றுப் பார்த்தார். முதலில் கேள்விக்குறியாக வந்ததையும், பிறகு சரியானதையும் சொல்லி, "நிரலை அமெரிக்காவில் இருப்பதாக நம்பவைத்திருக்கிறேன், பெரியப்பா" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அமெரிக்காவா? அப்படியானால் லக்னம் மாறிவிடுமே!"

மொழியை மட்டும்தான் அப்படிச் சொல்லியிருக்கிறேன், நேரத்தைத் தொடவில்லை, இந்தியக் கணக்குதான், ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் நிரலுக்குள்ளேயே இருக்கின்றன என்று கால்மணி நேரம் விளக்கினேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை. அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் நிற நோட்டை எடுத்து வந்தார். நான் பிறந்தபோது அவரே கையால் கணித்து எழுதிய என் ஜாதகம், ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் ஊறிப்போயிருந்தது. பிறந்த தேதி, நேரம், சீர்காழி என்று ஒவ்வொன்றாகத் தட்டினார். ஆண்டுக்கு 86 என்று போட்டார். (2000-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு 104, 117 என்று மூன்று இலக்கமாகப் போட வேண்டுமாம். திருச்சிக்காரர் விட்டுப்போன பிழை. பெரியப்பா அதைப் பிழை என்று ஒருநாளும் சொன்னதில்லை, முறை என்றுதான் சொல்வார். வைனும் அந்த முறையை ஒரு மாற்றமும் இல்லாமல் அப்படியே காப்பாற்றித் தந்திருந்தது.)

விருச்சிக லக்னம். உத்திரம். கர்ப்பச் செல் நீக்கிச் சூரிய தசை இருப்பு 4 வருடம் 2 மாதம் 11 நாள். நோட்டில் விரலை வைத்துத் திரையைப் பார்த்தார், திரையில் விரலை வைத்து நோட்டைப் பார்த்தார். நாள் வரைக்கும் ஒத்துப்போயிற்று. பெரியம்மாவைக் கூப்பிட்டு, "வந்துவிட்டது" என்றார். பிறகு அந்தப் பக்கத்திலேயே நின்று, என்னைத் திரும்பிப் பார்க்காமல் தசைகளைக் கீழே வரை படித்துக்கொண்டு போனார்.

"ராகு தசை முடியப் போகிறது. அதுவரை புதிதாக எதையும் ஆரம்பிக்காதே" என்றார். "சரி, இதை எப்படி அணைப்பது?"